கடலைப் பார்த்து நீட்டிய கல்

லீ பண்ணை,
அக்டோபர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் குரோவுக்கு அம்மா எழுதுவது.

நீ நலமாகத்தான் இருப்பாய், அதனால் அதைக் கேட்கவில்லை. இங்கே உன் அப்பா உயிரோடு இருக்கிறார். இடது காலில் தகடு வைத்துத் தைத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, காலை முக்காலியில் நீட்டி, ஜன்னல் வழியாகக் கிரோனூட் மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ அனுப்பிய பூங்கொத்து வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பிளாஸ்டிக், அதற்குள் நாலு பூ. ஆடுகளுக்குப் போட்டேன். பூவைத் தின்றுவிட்டு ரிப்பனைத் துப்பிவிட்டன.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தை மூடி வைத்தாலும் அது உன் மேசை மேலேயே கிடக்கும். ஒஸ்லோவில் உன் மேசை மேல் வேறு என்ன இருந்துவிடப் போகிறது, எங்கள் மலைகளுக்கு நடுவே நுழைந்த ஃபியோர்டுக் கடலின் படங்களைத் தவிர.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் ஆட்டுச்சேர்ப்புக் கூட்டம். உன் அப்பாவின் தலைமை அன்றைக்கு மாக்னார் கைக்குப் போகிறது. பறிக்கிறார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. இவரே நொண்டிக்கொண்டு போய்த் தலைவரின் ஊதுகொம்பை மேசையில் வைத்துவிட்டு வரப் போகிறாராம். மேய்ச்சலிலிருந்து ஆடுகளை ஓட்டி இறக்குகிற சேர்ப்பின்போது மலையில் வழி தப்பிய தலைவர் மறுவருஷம் முன்னால் நடப்பதில்லை. யாரும் கேட்க வேண்டியதில்லை, அவராகவே வைத்துவிட வேண்டும். உனக்குத் தெரியாத வழக்கமா இது? நேற்று அந்தக் கொம்பை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மாக்னாரின் எச்சில் படப்போகிற கொம்புக்கு எதற்கு இத்தனை துடைப்பு என்று கேட்டேன். இன்னும் அழுத்தித் துடைத்தார்.

இது எப்படி நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இருக்கும், தெரியாதது போல் நீ இருப்பதும் இருக்கும். பொறுமையாகப் படி.

இந்தக் கோடை எப்படி இருந்தது தெரியுமா? வெள்ளைக் கப்பல்கள் வாரம் முழுக்க வந்து நம் படகுத்துறைக்கு எதிரே நின்றன. ஒன்று போனால் அடுத்தது. ஒவ்வொன்றிலும் நம் ஊரை நூறு தடவை நிரப்புகிற அளவு ஜனம். இறங்கி வந்து, மலையைப் பார்த்து வாயைப் பிளந்து, படம் எடுத்து, யோருன் கடையில் வேகாத வாஃபிள் தின்றுவிட்டு, நம் வைக்கோல் வயலில் மூத்திரம் பெய்துவிட்டுக் கப்பல் சங்கு ஊதியதும் ஓடுவார்கள். ஒரு ஆள் அருவிக்கு எதிரே நின்றுகொண்டு என்னிடம், "இதை ராத்திரி எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க?" என்று கேட்டான். நான் சிரிக்காமல், "எட்டு மணிக்கு, ஞாயித்துக்கிழமைன்னா சீக்கிரம் நிறுத்திடுவோம்" என்றேன். நன்றி சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டு போனான்.

இன்னொருத்தி கதவைத் திறந்துகொண்டு நேரே சமையலறைக்குள் வந்துவிட்டாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன். என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க நெசமாவே இங்க குடியிருக்கீங்களா, இல்ல சம்பளத்துக்கு வந்து உக்காந்திருக்கீங்களா?" என்கிறாள். சம்பளம் கொடுத்தால் உட்காரமாட்டேன், எழுந்து துரத்துவேன் என்று சொன்னேன். அவளுக்கு நம் பேச்சுப் புரியவில்லை. என் கையைப் படம் எடுத்துக்கொண்டாள்.

மலைமேல் போகிறவர்கள் இன்னும் மோசம். ரப்பர் செருப்பும் அரைக்கால் சட்டையுமாக ஏறிப் போய், கண்ட இடத்தில் கல்லைக் கல்லின்மேல் வைத்து பொம்மைக் குவியல் கட்டிவிட்டு வருகிறார்கள். எதற்கென்று கேட்டால், ஞாபகத்துக்காம். மூடுபனியில் வழி காட்டுகிற வழிக்கல் எது, பொம்மைக் குவியல் எது என்று தெரியாத ஜன்மங்கள். உன் அப்பா ஞாயிறுதோறும் ஏறிப் போய் அத்தனையையும் உதைத்துத் தள்ளிவிட்டு வருவார். சர்ச்சுக்குப் போகச் சொன்னால், "இதுவும் ஊழியந்தான்" என்பார். ஒரே உதையில் விழுந்துவிடும் என்பார். எட்டி உதைக்கக்கூட வேண்டாம், நாய் வாலை ஆட்டினால் போதுமாம்.

ஜூலையில் நீயும் வந்தாய், காஸ்பரைக் கூட்டிக்கொண்டு. அதைப் பற்றி நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உன் சுற்றுலா ஆபீசுக்குப் படம் எடுக்க வந்த இடத்தில் அப்பா அம்மாவையும் பார்த்துவிட்டுப் போனாய். மாப்பிள்ளையாக வரப்போகிறவன் மஞ்சள் சட்டை, மஞ்சள் தொப்பி, மஞ்சள் பை என்று இறங்கினான். வந்ததும் அந்தப் பறக்கும் கேமராவை விட்டான். மேல்மேய்ச்சலில் இருந்த ஆடுகள் மூலைக்கொன்றாகச் சிதறின.  சாயங்காலம் கறியும் முட்டைக்கோசும் வைத்தேன். தட்டில் கிடந்த மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தான். பிறகு உன் அப்பாவைப் பார்த்து, "இந்த மலைகள்ல எது சார் பெஸ்ட்?" என்றான். உன் அப்பா ரொம்ப யோசித்துவிட்டு, "எது மேல இருந்து விழாம இறங்குறோமோ அதுதான்" என்றார். நீங்கள் போன பிறகு என்னிடம் சொன்னார், "நல்ல பையன்தான் போர்கில்ட். ஆனா எதுக்கு நல்லவன்னுதான் தெரியல."

சேர்ப்பு நாளுக்கு வருகிறேன். செப்டம்பர் நடுவில், காலையில் வானம் தெளிவாக இருந்தது. எல்லோரும் மேலே ஏறி வரிசையாகப் பரவி, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மாக்னார் வடக்கு ஓரத்தில், கழுத்தில் தொங்கும், வழி காட்டுகிற புதுக் கருவியோடு. மத்தியானம் ஃபியோர்டிலிருந்து மூடுபனி ஏறியது. உன் அப்பா கொம்பை ஊதி எல்லோரையும் வடக்குப் பாதை வழியாக இறக்கிவிட்டார். தெற்கே, கடலுக்கு மேலே இருக்கிற பக்கத்தில், ஒரு தாயாட்டின் மணிச்சத்தம் கேட்டிருக்கிறது. அது மாக்னாரின் ஆடு, அதையும் எழுதி வைக்கிறேன். அதைத் தேடிக்கொண்டு இவரும் நாய் ராப்பும் மட்டும் பின்தங்கினார்கள். தலைவர் கடைசியாகத்தான் இறங்குவார்.

ஆடெல்லாம் பட்டிக்கு வந்துவிட்டன. இவர் வரவில்லை. மாக்னார் நம் சமையலறையில் கால் மேல் கால் போட்டு என் காபியைக் குடித்துக்கொண்டு, "அட வந்துருவார் போர்கில்ட். அவருக்குத் தெரியாத கல்லா? பொறுமையா இரும்மா" என்றான். பொறுமையாம். ஆடு அவனுடையது, பொறுமை என்னுடையது.

அப்புறம்தான் போன் வந்தது. யார் தெரியுமா? ஹாலந்துக்காரப் புருஷன் பெண்டாட்டி, சின்னப் படகுகளில் துடுப்புப் போட்டு ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, தலையில் பொம்மை மாதிரி தொப்பி. பாறை விளிம்பில் ஒரு நாய் நின்று விடாமல் குரைக்கிறது, கீழே வந்து பாருங்கள் என்றிருக்கிறார்கள். உன் அப்பா விளிம்பிலிருந்து சறுக்கி, கீழே ஒரு திட்டில் கால் மடங்கிக் கிடந்திருக்கிறார். இன்னும் ஒரு ஆள் அகலம் தள்ளி விழுந்திருந்தால் நேரே கடல். ஹெலிகாப்டர் வந்து கயிறு இறக்கித் தூக்கியது. ஊரே துறையில் நின்று வேடிக்கை பார்த்தது. யோருன் அங்கேயும் வாஃபிள் விற்றாள்.

அந்த ஹாலந்துக்காரர்கள் மறுநாள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த மனுஷன், "எங்க ஊர்ல மலையே கிடையாதுங்க. மலையைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நாய் இப்படிக் குரைச்சா ஆள் இருக்கும்னு மட்டும் தெரியும்" என்றான். நான் காபி போட்டு, பண்டிகைக்கு வைத்திருந்த பழுப்புப் பாலாடைக்கட்டியை வெட்டிக் கொடுத்தேன். சுற்றிப் பார்க்க வந்தவர்களைத் திட்ட எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நீ யோசித்துக்கொள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டார், பத்திரிகைக்காரப் பெண் கேட்டாள், மாக்னார் கேட்டான். எல்லோருக்கும் உன் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார். "பனி. வழி தப்பிட்டேன். வேற ஒண்ணுமில்ல." அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. கலியாணமான வருஷம் பனிப்புயலில் என்னைக் கையைப் பிடித்து மேலிருந்து இறக்கிக் கூட்டி வந்த மனுஷன். மாத்திரை மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு அது போதாதா? மளிகைக் கடையில் என் முதுகுக்குப் பின்னாலேயே பேசினார்கள். மாக்னார் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "தோர்கில்ஸ் பெரிய ஆளுதான், இல்லேங்கல. வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல? இப்ப எல்லாம் கருவி வந்துருச்சு. கல்லைத் தடவிக்கிட்டுப் போற காலமா இது?" என்றான். யோருன், "கோடையிலேயே என் பேரை மாத்திக் கூப்பிட்டாரு பாவம்" என்று சேர்த்துக்கொண்டாள். உன் அப்பா அவளை எந்தப் பேராலும் கூப்பிட்டதே கிடையாது, அவள் வாஃபிளைப் பார்த்த நாளிலிருந்து. அதை அங்கேயே சொன்னேன். கடை முழுக்கச் சிரித்தது, ஆனால் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

இவ்வளவு நாளும் நீ வரவில்லை. வேலை என்றாய். அப்பாவிடம் போனைக் கொடு என்றுகூட நீ கேட்கவில்லை. அது எனக்கு முதலில் உறைக்கவில்லை.

அடுப்பில் பால் பொங்குகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை.

போன வாரம் காஸ்பர் போன் பண்ணினான். நீ பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பண்ணினான் என்று நினைக்கிறேன்.  "அம்மா, அந்த விளிம்புல ஒரு கல்குவியல் இருக்கு. ஜூலையில நான்தான் விளையாட்டுக்கு அடுக்கினேன். அதனாலதான் சார் விழுந்தாரோன்னு பயமா இருக்கு. நானே ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றான். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுதக்கூடிய வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை. அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிம்மா" என்றான்.

ரிசீவரை வைத்ததும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசியில் எல்லாம் ஒரு ஒஸ்லோக்காரனின் வேலை. நான் நினைத்ததுதான். உன் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் உன் பழைய காலணியை மாட்டிக்கொண்டு, முட்டி வலியோடு, ராப்பைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். அந்தப் பொம்மைக் குவியலை என் காலாலேயே உதைத்துக் கடலுக்குள் தள்ளுவது என்று வைராக்கியம்.

ராப் நேரே அந்த இடத்துக்குக் கூட்டிப் போனது. விளிம்பிலிருந்து நாலடி தள்ளி நின்றது குவியல். நான் ஒரு உதை விட்டேன். அசையவில்லை. இன்னொரு உதை விட்டேன். கட்டைவிரல் நகம்தான் பெயர்ந்தது. அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். அகலமான அடி. ஒவ்வொரு கல்லும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது. இடுக்குகளில் சின்னக் கல் ஆப்புகள். உச்சியில், நம் மலையில் மட்டும் வைக்கிற மாதிரி, அடுத்த வழிக்கல் எந்தப் பக்கம் என்று காட்டுகிற நீளக்கல். புயல் வந்தாலும் நிற்கும் அது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் குரோ. காஸ்பரின் கைக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவத் தெரியாது. இந்த மலையில் இப்படி அடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் அதை நம்பிக் கீழே விழுந்தவர்.

நீ ஏன் அதைக் கட்டினாய் என்பதும் அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோனது. அதற்கு முன்பு மருந்து வாங்கப் படகில் போனபோது பார்த்தது ஞாபகம் வந்தது. படகுக்குள் சுவரில் உங்கள் ஆபீஸ் போஸ்டர். மஞ்சள் சட்டைக்காரன் முதுகைக் காட்டி நிற்கிறான், பக்கத்தில் வழிக்கல், கீழே நீலமாக ஃபியோர்டு. "மௌனம் உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. மௌனமாம்! அதற்குக் கீழே ஒரு கும்பல் சிப்ஸ் தின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தது. நிஜமான வழிக்கற்கள் எல்லாம் உள்ளே, மேட்டுப்பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து கடல் தெரியாது. உன் படத்துக்குக் கடல் வேண்டும், கல்லும் வேண்டும். ஆகவே விளிம்பில் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டாய். கட்டியதுதான் கட்டினாய், அந்த நீளக்கல்லை எங்கே பார்த்து வைத்தாய்? கடலைப் பார்த்து. படத்துக்கு அழகாக இருக்கும் என்று. எடுத்து முடித்ததும் கலைக்கவும் தோன்றவில்லை.

கப்பலில் வருகிற கழுதைகளுக்கு வழிக்கல் என்றால் என்னவென்று தெரியாது. அதனால்தான் அவர்கள் கட்டுவது யாரையும் ஏமாற்றுவதில்லை. உனக்குத் தெரியும். தெரிந்த கை கட்டினால்தான் தெரிந்த மனுஷன் ஏமாறுவான். என் பெண்ணைத் திட்ட நான் வார்த்தை தேட வேண்டியதாயிற்று. கிடைத்ததெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு ஏற்கெனவே செலவழித்த வார்த்தைகள்.

குவியலை நான் ஒவ்வொரு கல்லாகப் பிரித்தேன். பாதிப் பகல் ஆயிற்று. அவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருந்தாய், தரித்திரம் பிடித்தவளே.

வீட்டுக்கு வந்து உன் அப்பா எதிரே நின்றேன். விரலில் ரத்தம், பாவாடையெல்லாம் பாசி. "ஏன்யா தோர்கில்ஸ், தெரிஞ்சுக்கிட்டேதான் ஊர் முழுக்கப் பொய் சொன்னியா?" என்று கேட்டேன். அவர் என் காலைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். "உதைச்சியா?" என்றார். "உதைச்சேன்." "விழலையா?" "விழல." அந்த மனுஷன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், அங்கேயே அந்த இன்னொரு காலையும் உடைக்கலாம் என்று இருந்தது எனக்கு.

அப்புறம் கண்டிப்பாகச் சொன்னார். "சனிக்கிழமை நீ வாயைத் திறக்கக் கூடாது. ஜூன் மாசம் அவ இந்த ஊர் சர்ச்சுலதான் கலியாணம் வச்சிருக்கா. அப்பனைத் தள்ளிவிட்டவள்ங்கிற பேரோட அவ உள்ள வரணுமா? எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போகட்டும். ஆயிடுச்சுதானே?" என்றார். மீறிப் பேசினால் மாடிக் கூடத்தில் தனியாகப் படுப்பாராம். அந்தக் காலை வைத்துக்கொண்டு மாடி ஏறுவாராம். போய்ப் படு என்று சொல்லிவிட்டேன்.

காஸ்பர் வந்து தான் கட்டினதாகச் சொல்கிறேன் என்றானே, அதற்கும் ஒரு பதில் எழுதிவிடுகிறேன். அவனிடம் சொல். ஒரு ஒஸ்லோப் பையன் அடுக்கிய குவியலை நம்பித் தலைவர் விழுந்தார் என்றால், மாக்னார் தலைமையை அங்கேயே பிடுங்குவான், அவன் பிடுங்குவது நியாயமும்கூட. அது வழி தப்பியதைவிடப் பெரிய கேவலம். உண்மை மட்டும்தான் உன் அப்பாவைக் காப்பாற்றும். அவர் வழி தப்பவில்லை, முறையாகக் கட்டிய வழிக்கல்லைப் பின்பற்றினார், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், கல் தப்பான இடத்தில் இருந்தது. இதைக் கேட்டால் கூடத்தில் இருக்கிற ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மாக்னாரும் அப்படித்தான் நடந்திருப்பான், கழுத்தில் எத்தனை கருவி தொங்கினாலும். ஆனால் அதைக் கட்டியவள் வந்து சொல்ல வேண்டும். நான் சொன்னால் புருஷனுக்காக மகளைக் காட்டிக்கொடுத்தவள் என்பார்கள், கூடவே பாதிப் பேர் நம்பவும் மாட்டார்கள்.

அந்தப் பையனைப் பற்றி ஒன்று. உனக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு என் திட்டையெல்லாம் வாங்கினான். முட்டாள்தான், சந்தேகமில்லை. மிளகைப் பொறுக்குகிறவன்தான். ஆனால் எதற்கு நல்லவன் என்று உன் அப்பா கேட்டதற்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. இதை அவனிடம் சொல்லாதே, தலையில் ஏறிவிடும்.

நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பா கோபத்தில் இருப்பார், முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்துத்தான் பூவை அனுப்பிவிட்டு ஒளிந்துகொண்டாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்று ராப்புக்குச் சோறு வைத்துக்கொண்டே கேட்டேன். "அத்தனை வருஷம் நடந்த மலை. அந்த இடத்துல வழிக்கல் கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா? பனியில அறிவு போயிருச்சா?" என்றேன், கொஞ்சம் குத்தலாகவே.

காலை முக்காலியில் சரியாக எடுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார். அப்படியே எழுதுகிறேன். "தெரியும் போர்கில்ட். இங்க கல் கிடையாதேன்னு கையை வச்சதுமே நின்னுட்டேன். திரும்பிடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் ஆப்பைத் தடவிப் பார்த்தேன். எல்லா ஆப்பும் இடப்பக்கத்துலேர்ந்து அடிச்சிருக்கு. இடக்கைக்காரி அவ ஒருத்திதானே? குரோ வச்சதுன்னு தெரிஞ்சுபோச்சு. அவ ஜூலையில வந்தப்ப எனக்குத் தெரியாத ஒரு நல்ல வழியைக் கண்டுபிடிச்சிருக்கா போலன்னு சந்தோஷமாப் போச்சு. அவ வச்சா சரியா இருக்கும். அதுக்கப்புறம் நான் பார்க்கவேயில்ல, நடந்துட்டேன்."

சொல்லிவிட்டுக் காபி கேட்டார். நான் போட்டுக் கொடுத்தேன். என்னால் அவரைத் திட்ட முடியவில்லை, உன்னைத் திட்டவும் இதற்கு மேல் முடியவில்லை.

இந்தக் கடிதத்தை அவர்தான் தபால்காரியிடம் கொடுக்கப் போகிறார். உனக்குக் கலியாணச் சட்டையின் அளவு கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அன்பைச் சொல்லு என்றார், சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானப் படகில் வா. போஸ்டருக்குக் கீழே உட்காராதே. துறையில் நான் நிற்பேன். ஊர்க்கூடத்துக்கு நேரே போவோம், வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்தால் உன்னைப் பேச விடமாட்டார். எழுந்து நின்று, நான்தான் கட்டினேன், அப்பா வழி தப்பவில்லை என்று சொல். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். யோருன் எதையாவது சொல்வாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். காஸ்பரையும் கூட்டி வா, கறி இருக்கிறது, மிளகு போடாமல் வைக்கிறேன்.

கடவுள் உனக்குத் தைரியம் கொடுக்கட்டும் மகளே. நீ வச்சா சரியா இருக்கும் என்று அந்த மனுஷன் இன்னும் நம்பிக்கொண்டுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அதற்காகவாவது வா.

இப்படிக்கு,
உன் அம்மா
போர்கில்ட்